ஒரு வாக்குக்கு மூன்று நோன்பு

செவ்வாய், இஷா தொழுகைக்குப் பிறகு

நேற்று என் மகள் ஹனா ஐந்தாம் வகுப்பு மொனிட்டராக வென்றாள். இன்று அவளுடைய வகுப்புப் பிள்ளை ரிப்கா காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். நோன்பாம். றமழான் இல்லாத நாளில் என்ன நோன்பு என்று டீச்சர் கேட்டதும் ஹனாவின் பெயர் வந்திருக்கிறது.

அவள் வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன். வாக்கெடுப்புக்கு முன்பே வகுப்பில் ஆளுக்கொரு அழிறப்பர் கொடுத்து, "வல்லாஹி, உனக்குத்தான்" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாக்கெடுப்பில் ரிப்கா எதிர்த்துப் போட்டியிட்டவளுக்குக் கை உயர்த்திவிட்டாள்.

"சத்தியத்த முறிச்சா மூணு நோம்பு புடிக்கணும்தானே உம்மா? அதத்தான் சொன்னன்."

"அவ சின்னப் புள்ளடி!"

"நானும் சின்னப் புள்ளதான்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த எலக்சனுக்கு ஊருக்கு ஆள் கிடைச்சிட்டு!"

ஹனா அவரைப் பார்த்தாள். "போன எலக்சன்ல நீங்க ரெண்டு கட்சிக்கும் சத்தியம் பண்ணினீங்கதானே வாப்பா? மூணு நோம்பு புடிங்க எண்டு உம்மா ஏசினாங்க. புடிச்சீங்களா?"

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று நான் ஏசியது உண்மைதான். ஏசிய கையோடு அவருக்குச் சோறும் போட்டேன்.

ரிப்காவின் உம்மாவுக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்லாய் ஏசுவா என்று நினைத்தேன், ஏசவில்லை.

"இன்னும் ரெண்டு நோம்பு மிச்சமாம் தங்கச்சி. விடியமுந்தி ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பச் சொல்லிட்டுப் படுத்திரிக்கா. எழுப்பாட்டி அல்லாஹ்ட்ட மாட்டிக்குவனாம் எண்டு அழுறா. நான் என்ன செய்ய?"