‘ச’ முதல் ‘த’ வரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி தையல் மெஷினில் உட்காருகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நீ வேலை பார்க்கும் சுரங்கப்பாதை சரிந்து உள்ளே சிக்கிய இருவரும் உயிரோடு வெளியே வந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் நாங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டோம். அதில் இளையவருக்குக் கால் இன்னும் சரியாகவில்லை என்று படித்தேன். நீ போய்ப் பார்த்திருப்பாய்.

எழுத உட்கார்ந்தது அப்பாவுக்காக. போனில் பேசினால் உனக்கும் எனக்கும் சண்டையில் முடியும். பாதை சரிந்த மறுநாள் நீ அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “அந்தப் புத்தகத்தை நீங்க வாங்கிட்டு வராமலே இருந்திருக்கலாம்ப்பா.” உடனே போனை வைத்துவிட்டாய். மூன்று வாரமாகிறது. நீ மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை.

எந்தப் புத்தகம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நம் சிறுவயதில் வீட்டில் இருந்ததே ஒன்றுதானே. பழைய பேப்பர் கடையில் அப்பா எடைக்கு வாங்கி வந்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் பாகம், ‘ச’ முதல் ‘த’ வரை. நமக்குச் சிலந்தி தெரியும், சூரியன் தெரியும், தேனீயைப் பற்றிக் கேட்டால் கால் மணி நேரம் பேசுவோம். மழை எப்படிப் பெய்கிறது என்று டீச்சர் கேட்ட அன்று நான் திருதிருவென்று விழித்தேன். அது வேறு பாகம். இப்போதும் ஆய்வகத்தில் யாராவது எனக்குத் தெரியாததைக் கேட்டால், அது எந்த எழுத்தில் வரும் என்றுதான் மனம் முதலில் போகிறது.

நீயோ சுரங்கம் என்ற பக்கத்திலேயே குடியிருந்தாய். அந்தப் பக்கமே உன்னைப் பொறியாளராக்கி மண்ணுக்கடியில் இறக்கிவிட்டது என்று நாமே பலமுறை சிரித்திருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பேப்பர் கடைக்கே போயிருக்கிறார். இப்போது அங்கே பழைய முதலாளியின் மகன் உட்கார்ந்திருக்கிறான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “எங்கப்பா காலத்து வியாபாரம் சார், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்தா எப்படி எடுத்துக்கிறது?” என்று கேட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும்தான் சொன்னார். அன்று தராசில் இரண்டு பாகங்கள் இருந்தனவாம். டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு அவர் கொண்டுபோகும் பையில் ஒன்றுதான் நுழைந்தது, அட்டை நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டாராம். விட்டுவிட்டு வந்தது ‘ப’. அது இன்னும் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் போனாராம். “அதை எடுத்திருந்தா பெரியவன் பறவையைப் பார்த்துக்கிட்டு மரத்தடியில நிம்மதியா உட்கார்ந்திருப்பான்” என்றார். பாலமும் ‘ப’தான்ப்பா, உச்சியில ஏறி நின்னிருப்பான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. “வாங்கினது நீங்க, படிச்சது அவன். இவளும் அதையேதான் படிச்சா, இவ எந்தக் குழியில இறங்கினா?” என்று சத்தம் போட்டாள்.

அம்மா சொன்னது பாதிதான் சரி. நான் ‘திசு’ என்ற பக்கத்தில் நின்றுவிட்டவள். காலையிலிருந்து மாலை வரை யாருடைய உடம்பிலிருந்தோ எடுத்த திசுவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்தேன், அதைவிட நல்லவை. எதுவும் நான் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் திசுவில் புற்றுநோய் தெரிந்த அன்று, அப்பா அதைக் கொண்டுவராமல் இருந்திருக்கலாம் என்று நானும் நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நீ ராஜினாமா செய்ய யோசிப்பது எனக்குத் தெரியும்; செய்வதும் செய்யாததும் உன் முடிவு. எதுவானாலும் நான் உன் பக்கம். ஆனால் அது ஒரு புத்தகம் அப்பாவின் பைக்குள் நுழைந்ததால் வந்த முடிவாக இருக்கக் கூடாது.

இப்போதெல்லாம் போன் அடித்தால் முதலில் எழுபவர் அவர்தான். துணி தைத்தாச்சா என்று அம்மாவைக் கேட்கும் யாராவதாக இருக்கும். போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு. பயத்தில் சொல்லிவிட்டேன்ப்பா என்று ஒரு வார்த்தை போதும். அவர் உடனே பேச்சை மாற்றிச் சாப்பிட்டாயா என்று கேட்பார். பதில் சொல்.

எனக்கும் இரண்டு வரி எழுது. நான் கேட்கவில்லை என்பதால் கவலைப்படவில்லை என்று நினைத்துவிடாதே.

எங்கே நின்றாலும் பத்திரமாக நில் அண்ணா.

உன் நலமே வேண்டும்
தங்கை