கதவுக்குப் பின்னால் இருந்த தடி

நெடுநாள் யோசனைக்குப் பிறகு, வீட்டாரின் கருத்தையும் கேட்டறிந்து, இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன்: என் கைத்தடியின் அடி ரப்பரை மாற்றிவிடுவது. பழையது ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றியபோது கிளம்பிய வாடையில் உன் ஞாபகம் வந்தது. செத்துப்போன சிநேகிதர்கள் மற்றவர்களுக்கு மல்லிகை வாசத்தில் வருகிறார்கள்.

ஆட்சி மாறிய வருஷம் அது. இருவருமே தறிக்குழியிலிருந்து எழும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தோம். ஆஸ்பத்திரி டாக்டர் நம்மை ஒன்றாக நிற்கவைத்து, இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஒட்டாது, தடி வாங்குங்கள் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. யோசனை சொன்னவன் நீதான்.

“தனியா எட்த்துக்கினு போனா கெழவம்பானுங்க. ரெண்டு பேரா போனா ஸ்டைலும்பானுங்கபா.”

சந்நிதித் தெருவில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். மறுநாள் காலை தெருவில் பாவு போடும் இடத்துக்கு இருவரும் தடியோடு வருவதாகப் பேச்சு. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கும் வேலை. முனைகளை இறுக்கிப் பிடித்து நிற்பது அசையாதவர்களுக்கு உண்டான மரியாதை. பல வருஷமாக ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான்.

நான் தடியோடு வந்தேன். நீ வெறுங்கையோடு உன் முனையில் நின்றிருந்தாய். பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார்கள். நீ வாயைத் திறந்தாய்.

“வழி வுடுங்கபா, மூணு காலு வருது.”

தெருவே சிரித்தது. தடி பிடித்தவன் பாவு முனையை எப்படிப் பிடிப்பான் என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் முனைக்கு உன் மச்சான் வந்தான். சாயங்காலம் உன் தடி எங்கே என்று கேட்டேன்.

“கதவுக்குப் பின்னாடி இருக்குதுபா. வயசானா எட்த்துக்கலாம்னு.”

நீ என்னைவிட மூத்தவன்.

அடுத்த தை மாதம், தரையில் சிந்திய கஞ்சியில் உன் குதிகால் வழுக்கியது. முனையை விடாமலே விழுந்தாய் என்று தெரு இன்னும் பெருமையாகச் சொல்கிறது. இழை ஒன்றும் அறுபடவில்லையாம்.

ஏன் என்னைத் தனியாகப் போகவிட்டாய் என்று கேட்கத்தான் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் படுத்தபடியே வீட்டுக்குள் குரல் கொடுத்தாய்: “மூணு காலு வந்துக்கினு இருக்குது, நாற்காலி போடு.” உட்கார்ந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு, “கோவமாபா?” என்றாய். இல்லை என்றேன். வேறு எதையோ பேசினோம்.

முறிந்த இடுப்பெலும்பு ஒட்டவில்லை. பங்குனித் தேருக்கு நீ இல்லை. காரியம் முடிந்ததும் உன் மனைவி அந்தத் தடியை என்னிடம் கொடுத்தார். அது இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. தெரு என்னை மூணு காலு என்றுதான் கூப்பிடுகிறது. என் சொந்தப் பெயரில் வரும் தபாலைக்கூடத் தபால்காரர் விசாரித்துத்தான் கொண்டுவருகிறார்.

உன் தடியின் ரப்பர் தேயவே இல்லை. இன்று அதைக் கழற்றி என்னுடையதில் மாட்டினேன். சரியாகப் பொருந்தியது.