சட்டைக்குள் அடைகாத்தது

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உனக்கு வாந்தி மட்டுப்பட்டதா? வாளி தூக்காதே.

முந்தாநாள் ஆய்வகத்தில் மின்சாரம் போய், மீன் முட்டைகளைச் சூடாக வைக்கும் பெட்டி அணைந்துவிட்டது. குளிர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். முட்டைக் குப்பியைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னய்யா, அடைகாக்கிறியா?" என்று மேலாளர் சிரித்தார். மறுநாள் பார்த்தால், ஒற்றை உயிரணுவாக இருந்தது இரண்டாகி, நான்காகி, எண்ண முடியாமல் பெருகி, கண்ணும் வாலுமாக நெளிகிறது. இதயம் துடிப்பதுகூடத் தெரிகிறது.

நம் பிள்ளைக்குத் துடிப்பு தெரியவில்லை, மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன தேதி தாண்டிவிட்டது. அன்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை.

ஊருக்கு வரும் அறைத்தோழரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் உன் பழைய சால்வை ஒன்றைக் கொடுத்துவிடு. இங்கே குளிர்.

அவருக்கு வண்டி வந்துவிட்டது. எந்தச் சேதியானாலும் சேர்ந்தே தாங்குவோம். உன் காலில் விழுகிறேன், போனை எடு.