தனித்தனியாகத் தெரியும் துண்டுகள்

ஐப்பசி 2, திங்கள்

தூறல். வெள்ளிக்கிழமை எம்.ஃபில். வைவா, வாய்மொழித் தேர்வு. இந்த நேரத்தில் நாட்குறிப்பு எழுதுவது தப்புதான், மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேனோ.

வைவாவில் காட்டும் மாதிரி பாதிதான் முடிந்திருக்கிறது. நாலு பரிமாண நட்சத்திர உருவம், முனைகளெல்லாம் ஒரே மாதிரி. முழுசாகச் செய்ய முடியாது, குறுக்குவெட்டுகள் மட்டும். அட்டை, அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய பெட்டி. மைதா பசை காயவில்லை.

போன மாதம் போனில் அண்ணன்: "நாலாவது திசை எந்தப் பக்கம்னு ஒங்க சாருக்கே தெரியாது பாப்பா. துபாய் பக்கம்தான். வந்து காட்டுறேன்."

வெள்ளிதோறும் வரும் அண்ணன் போன் இந்த முறை வரவில்லை. ஜமால் பாய் கடைக்குத்தான் வரும். "லைன் ரிப்பேரும்மா" என்றார். கடலை மிட்டாய் கொடுத்தார், காசு வாங்கவில்லை. படி இறங்கும்போது பின்னால் போன் மணி அடித்தது.

செவ்வாய்

மழை. குவிந்த உருவமென்றால் எங்கே வெட்டினாலும் ஒரே துண்டு. நட்சத்திரம் அப்படியில்லை. முனைப் பக்கம் வெட்டினால் ஒட்டாத துண்டுகள், பார்ப்பவருக்கு வேறு வேறு பொருள். மையத்தை நெருங்கினால்தான் எல்லாம் ஒரே உடல் என்று தெரியும்.

வலங்கைமான் மாமா, சொல்லாமல் வந்தார். அவரும் அப்பாவும் வாய்க்கால் கரையில் நனைந்துகொண்டே பேச்சு. குடையோடு போனேன். நிறுத்திவிட்டார்கள்.

"நல்லா படிம்மா" என்றார் மாமா. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கணக்கு' என்று சண்டை போட்டவர்.

புதன்

தீபாவளி அதிரசத்துக்கு அம்மா ஊறப்போட்ட அரிசியை அப்பா மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டார்.

"இந்த வருசம் பலகாரம் வேணாம். பாப்பாவுக்கு வைவா."

"வைவாவுக்கும் அதிரசத்துக்கும் என்னங்க சம்பந்தம்? பெரியவனுக்கு வேற அனுப்பணும்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

சாவு விழுந்த வீட்டில்தான் தீபாவளி கிடையாது. அம்மாவுக்கு இது தோன்றவில்லை.

வியாழன்

மழை விட்டது. மாதிரி முடிந்தது. கோணல்தான்.

போன், மிட்டாய், மாமா, அரிசி. தனித்தனியாகத்தான் பார்த்தேன். இன்னும் நெருங்கி வெட்டிப் பார்க்கப் பயம்.

நாளைக்கு வைவாவுக்கு அப்பாவும் தஞ்சாவூர் வருகிறாராம். சட்டை துவைத்துப் போட்டிருக்கிறார். "அது முடியட்டும். ஒரு விசயம் பேசணும்மா."

நேரில் கேட்க வாய் வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இங்கே கேட்கிறேன். வைவா முடியட்டும்னு காத்திருக்காதீங்கப்பா. இப்பவே சொல்லுங்க. அண்ணன் உசுரோட இருக்குதா?