ஹசன்கெய்ப் ஏரியும் நம் இடுகாடும்

என் தலையில் எண்ணெயும் வைத்துக் குட்டும் வைத்த சரசு அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். செய்தி சேகரிக்க எந்த ஊருக்குப் போய்வந்தாலும் நீ முதலில் கேட்பது, "ஆறு இருக்காடா அங்க? எந்தப் பக்கமா ஓடுது?" என்பதுதான். நீ போன பிறகு அப்படிக் கேட்க ஆளில்லை.

இந்த ஆண்டு துருக்கிக்குப் போனேன். அதன் தென்கிழக்கே, ஈராக், சிரியா எல்லைகளுக்குச் சற்று மேலே, ஹசன்கெய்ப் என்று ஒரு சிற்றூர். சுற்றியுள்ள வட்டாரத்துக்கும் அதே பெயர். ஆறு இருந்தது அக்கா, டைக்ரிஸ். கரையிலேயே சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கும். பாறையைக் குடைந்து எண்ணி மாளாத குகைகள். நான் பிறந்த பிறகும்கூட அவற்றில் மனிதர்கள் குடும்பம் நடத்தினார்கள்.

பாரசீக எல்லையைக் காக்க ரோமானியர் அங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு அரபுகள் வந்தார்கள், துருக்கியச் சிற்றரசர்கள் வந்தார்கள். ஆற்றின் குறுக்கே பெரிய கல்பாலம் எழுந்தது, வணிகர் கூட்டம் அதைக் கடந்தது. மங்கோலியப் படையும் வந்தது, கடைசியில் ஆட்டோமன்கள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் ஆண்டார்கள், சிலர் இடிக்கவும் செய்தார்கள். ஆனால் ஊரையே தண்ணீரில் முக்கும் துணிச்சல் நம் காலத்துக்குத்தான் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் அணை கட்டினார்கள். நான் போனபோது ஆறு இல்லை, ஏரிதான் இருந்தது. பாலத்தின் தூண்கள் அடியில் கிடக்கின்றன.

மேட்டில் புது ஊர். நம் செனாவாங் தாமான் குடியிருப்பைத் தூக்கி வைத்ததுபோல் ஒரே மாதிரி வீடுகள். நீல ஓடு பதித்த இளவரசன் ஒருவனின் கல்லறையைச் சக்கர வண்டியில் முழுசாக ஏற்றி அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அவன் இளவரசன் அல்லவா?

தேநீர்க் கடை வைத்திருந்த யூசுப் என்பவரிடம் மற்றவர்களின் கல்லறைகளைப் பற்றிக் கேட்டேன். தன் தாயின் எலும்புகளைத் தானே எடுத்து மேலே கொண்டுவந்ததாகச் சொன்னார். "பக்கத்துக் கல்லறையில் படுத்திருந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்டு யாரும் வரவில்லை" என்று ஏரியைக் கைகாட்டினார். அவர் காட்டிய இடத்தின் மேல் ஒரு சுற்றுலாப் படகு பாட்டு வைத்துக்கொண்டு போனது.

இப்போது நம் கோலா சாவா ரப்பர் தோட்டத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம், வழக்கம்போல் லாலான் புல்லை வெட்டி உனக்குப் படைக்க இடுகாட்டுக்கு வந்தேன். நாசி லெமாக் சோறும் கோப்பி ஓ பொட்டலமும் கையில் இருந்தன. உன் தலைமாட்டில் சிவப்புச் சாயம் பூசிய அளவுக்கட்டை அடித்திருந்தது. பக்கத்துக் குழியில், லெட்சுமி அக்காவின் கால்மாட்டில் இன்னொன்று.

தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றது எனக்குத் தெரியும். கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு நம் ஆட்கள் போராடியதும் தெரியும், நானே அதை எழுதினேன். இடுகாட்டை அவர்கள் பேச்சிலேயே எடுக்கவில்லை என்பது தெரியாது. அம்மனுக்கு நிலம் என்றதும் மற்றதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா? நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு ஆறுமுகம்தான். "சாமிக்கு எடம் கெடச்சிருச்சு லா. காம்பவுண்டு சுவரோட குடுக்குறாங்க. இதுக்கு மேல என்னா வேணும்?" என்றான்.

செனாவாங் தொழிற்சாலை உடுப்போடு வந்திருந்த வசந்தி எழுந்தாள். "அண்ணே, சாமிய பல்லக்குல வச்சித் தூக்கிட்டுப் போவீங்க. எங்கப்பாவ யாருண்ணே தூக்குறது?"

மேம்பாட்டு நிறுவனத்திலிருந்து வந்த இளைஞனும் தமிழன்தான். "ஆன்ட்டி, வாரிசு இருந்தா நாங்களே மாத்திக் குடுப்போம். வாரிசு இல்லாதது எல்லாம் கிளியர் பண்ணிருவோம்."

இல்லாதது. அஃறிணை. அந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

லெட்சுமி அக்கா யாருமில்லாமல் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். உன் பக்கத்து நிரையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவர். எனக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் இருவரில் ஒருவர் வேலைக்குப் போகமாட்டார். அவர் பக்கத்திலேயே புதைக்கச் சொல்லித்தானே நீ எரிக்க வேண்டாம் என்றாய்?

"லெட்சுமி எனக்கு அக்கா" என்றேன்.

ஆறுமுகம் சிரித்தான். "அண்ணே, பேப்பர்காரரு பொய் சொல்லலாமா?"

"முப்பது வருசம் சரிபார்த்துதான் எழுதியிருக்கேன். இதையும் சரிபார்த்துட்டேன். எழுதிக்க."

வசந்தி விடவில்லை. "அப்ப வேலியோரத்துல இருக்குற மாயாண்டித் தாத்தா எனக்குப் பெரியப்பா. அவரையும் எழுதிக்கிங்க." பின்னாலிருந்து ஒருவர் எங்கோ கிடந்த ஒரு கங்காணியைக்கூடத் தன் மாமனாராக்கினார். "அந்தாளு எங்கப்பாவ அடிச்சவரு. இருந்தாலும் பரவால்ல லா!" கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வாய்க்கால் பக்கம் கல்லும் இல்லாமல் பெயரும் இல்லாமல் வெறும் மேடுகள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் கேட்கவில்லை. என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

அங்கே அணை கட்டியது அரசு. இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றது நாம். யார்மேல் அதிகம் கோபப்படுவது என்று நீயே சொல்.

உனக்கு ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு முன்னால் உன் குழியைத் திறக்க யாரையும் விடமாட்டேன். முதலில் அந்தப் பெயரில்லாத மேடுகள் புது மண்ணுக்குப் போகவேண்டும். பிறகு லெட்சுமி அக்கா. கடைசியில்தான் நீ. அதுவரை உன் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், இயந்திரம் வந்தால் வரட்டும். காத்திருக்க வைக்கிறானே என்று என்னைத் திட்டினால் திட்டிக்கொள்.

உனக்கும் லெட்சுமி அக்காவுக்கும்,
வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்கும்
தம்பி,
ராஜு