மேக்காத்துல போன பலகை

ஆனி மாசம், ஞாயித்துக்கெழமை.

இன்னிக்குக் கரையில இருந்தது நான், மவன் சேகரு, பக்கத்து வூட்டு அஞ்சலை, பேத்தி தேவி. பாய் கட்டுன பலகைமேல நின்னு காத்துல ஓட்டுறதுக்குத் தேவி கத்துக்கினு வந்திருக்குறா. விண்ட்சர்ஃபிங்காம்.

காலையில மேக்காத்து, கரையிலருந்து கடலுக்கு அடிச்சிது. பவர் ஹவுஸ் புகை கடலைப் பாத்து சாஞ்சிருந்துது. ஓரத்துத் தண்ணி மட்டும் எண்ணெய் ஊத்துனாப்புல கெடந்துது.

"தள்ளிக்கினு போற காத்துடி இது"ன்னேன்.

"ஓரமாவே கீறேன் ஆயா"ன்னு போனா. கொஞ்ச நேரத்துல பாய் கையளவு ஆயிடுச்சி. அவளால திரும்ப முடியல.

அஞ்சலை, "பலகைய வுட்டுட்டு நீஞ்சி வாடி"ன்னு கத்துனா. நான் அவ வாயைப் பொத்துனேன். சேகரு போட்டை எடுத்தான். தேவி பாயைத் தண்ணியில சாச்சிட்டு, பலகைமேல குந்திக்கினு, அவன் போற வரைக்கும் கையை ஆட்டிக்கினே இருந்தா.

"பலகைய வுடக் கூடாதுன்றதுதான் மொத பாடமே ஆயா"ன்னா, போட்டுலருந்து கரையில எறங்குனதும்.

"எந்தக் காத்துல போவக் கூடாதுன்னு பாடம் இல்லியா?"ன்னேன். சிரிக்குறா.

என் தம்பி முருகேசனும் இப்படித்தான் சிரிப்பான். கட்டுமரத்துல கழட்டிப் போட்ட ஒத்தைக் கட்டையில அம்மா சேலையைப் பாயாக் கட்டி ஓட்டுவான். நான் கரையில கூடவே ஓடுவேன். அவனையும் இந்த மேக்காத்துதான் இழுத்துக்கினு போச்சி. கட்டையைக் கெட்டியாத்தான் புடிச்சிருந்தான். ஆனா பெரியவங்க சொன்னா தட்டாத புள்ள. மத்தியானம் கடக்காத்து திரும்பி, கட்டையைச் சேலையோட கரைக்கே கொண்டாந்து போட்டுது. அவன் அதுமேல இல்ல.

நீஞ்சி வாடான்னு அன்னிக்குக் குரல் குடுத்த ஆளு செத்தும் போயிட்டாரு. நான் இன்னும் மன்னிக்கல, எங்க சித்தப்பா ஏகாம்பரத்தை.