பாவாயி பிள்ளைகளை எண்ணிய விதம்

புதுச்சத்திரம்,
14-2-1983

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் யாராவது கேட்டால் மட்டும் வலி அதிகமாகிவிடுகிறது.

டீச்சர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் எதற்கம்மா அந்தக் குழந்தைகள் காப்பகம், விட்டுவிட்டு இங்கே வா என்று எழுதியிருந்தாய். சென்னியப்பனின் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கிற பெண்களின் பிள்ளைகள்தான் நம்மிடம் இருப்பவர்கள். போன வருடம் பெருமாயியின் பையன் தவழ்ந்து போய் மாவுப்பால் நிறைந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தானே, அதற்குப் பிறகுதான் ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகையைச் சென்னியப்பனிடம் இரவல் கேட்டு இதை ஆரம்பித்தேன். இப்போது அரசாங்க லைசென்சு இல்லாமல் நடத்தக் கூடாது என்று வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் வாங்காவிட்டால் கொட்டகையில் மூட்டை அடுக்கிவிடுவேன் என்று சென்னியப்பனும் சொல்லிவிட்டார். பிறகு பிள்ளைகள் பழையபடி தொட்டிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

கட்டடச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் அலைந்து வாங்கினேன். தீ அணைக்கச் சிவப்பு வாளியில் மணல் வைக்க வேண்டும் என்பது விதி, நான் காலையில் நிரப்புவேன், பிள்ளைகள் அதில் சோறாக்கி மதியத்துக்குள் பரிமாறிவிடுவார்கள். கடைசியில் வாளியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தீப்பிடித்தால் யார் ஏறி எடுப்பது என்று அப்பா கேட்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை சேலத்திலிருந்து ஆபீசர் அம்மாவும் ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் லைசென்சு இல்லை. நம்மிடம் சரியாக இருபது. ஆபீசருக்கு நான் கக்கூஸைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குமாஸ்தா உள்ளே போய், ஆயாவாக இருக்கிற பாவாயியை எண்ணச் சொல்லிவிட்டு, அவள் சொல்லச் சொல்லக் கோடு போட்டிருக்கிறார். கோடு பத்தொன்பதுதான் வந்தது. பாவாயி அந்தக் கோடியிலிருந்து மறுபடி எண்ணினாள், மறுபடியும் பத்தொன்பது. ஒரு பிள்ளையைக் காணோம் என்று அவர் சொன்னதுதான் தாமதம், சேதி ஆலைக்கு எட்டி, பெண்கள் கிழங்குக் கத்தியோடு ஓடி வந்தார்கள். பெருமாயி நேரே தொட்டிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவரவர் பிள்ளை அவரவர் இடுப்பில் இருந்தது, ஆனாலும் காணாமல் போன பிள்ளையை எல்லோரும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். யார் பிள்ளை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைத்து, பாவாயியை எண்ணச் சொல்லி, நான் குமாஸ்தாவின் பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவாயி காலமெல்லாம் களத்தில் நெல் அளந்தவள். முதல் பிள்ளையின் தலையைத் தொட்டு லாபம் என்றாள், பென்சில் அசையவில்லை. ரெண்டு என்றாள், கோடு விழுந்தது. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், முதல் படியை லாபம் என்று சொல்லி அளப்பதை எங்கே கண்டார். பிள்ளைக்கு ஏதோ ஆசீர்வாதம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தாராம்.

நான் விளக்கிச் சொன்னேன். ஆபீசர் அம்மா, சின்ன வயது, கண்டிப்பான முகம், கணக்கென்றால் ஒன்றிலிருந்துதான், ஒழுங்காக எண்ணுங்கள் என்றார். பாவாயி கையைக் கட்டிக்கொண்டு, “என்ற வாயால சொல்ல மாட்டனுங்க சாமி, ஒண்ணுன்னு தொடங்குனா ஒண்ணோட நின்னு போயிருமுங்க, நெல்லுக்கே சொல்லாதவ புள்ளைக்கா சொல்லுவேன்” என்றாள். வாசலில் நின்ற பெண்கள், “ஆமாங்க, இப்பத்தான் ஒண்ணு தொலைஞ்சு கெடைச்சிருக்குது” என்றார்கள். தட்டுகளை எண்ணிக்கொள்ளுங்களேன் என்று நான் கேட்டுப் பார்த்தேன். தட்டுக்கா லைசென்சு கொடுக்கிறோம் டீச்சர் என்றார் ஆபீசர்.

சரி, முடிந்தது, மூட்டைதான் என்று நினைத்தேன். அந்த அம்மா தானே எண்ணுவதாக எழுந்தார். முதலில் உட்கார்ந்திருந்தவன் பெருமாயியின் பையன். விரலை நீட்டினார். தொட்டிக்கு ஓடிப் போய் வந்த ஈரக்காலோடு பெருமாயி எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஆபீசர் அவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல, “லாபம்” என்றார். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்ததற்கு, “என்னய்யா பார்க்கறீங்க, கோட்டைப் போடுங்க” என்று ஒரு அதட்டல். இருபதும் சரியாக வந்தது.

சனிக்கிழமைத் தபாலில் லைசென்சு வந்துவிட்டது, பார்வையில் படும்படி மாட்ட வேண்டுமாம். பாவாயி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்ததில் ஆபீசர் கையெழுத்துப் பாதி மறைந்துவிட்டது. சித்திரையில் ஆலைக்குப் பதினைந்து நாள் விடுமுறை, அப்போது மட்டும் பிலாய்க்கு வருகிறேன். சின்னவனுக்குப் பல் முளைக்கிற நேரம், வெந்நீர் ஆற்றிக் கொடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அப்பாவின் முழங்காலைப் பற்றி மறக்காமல் விசாரித்து எழுது, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

ஆசியுடன்,
உன் அம்மா,
அங்காளம்மாள்